தூரோடு போன கருவை

நிலத்தில் மரம் வெட்ட ஆள் விடப்போகிறவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெட்ட வருகிறவன் உங்கள் நிலத்தைப் பார்க்க மாட்டான். மரத்தைத்தான் பார்ப்பான். அதிலும் ரோட்டோரத்து மரத்தை மட்டும் பார்ப்பான். லாரியை நிறுத்தினோமா, வெட்டி ஏற்றினோமா, போனோமா என்று இருக்கலாம் அல்லவா. உள்ளே இருப்பதெல்லாம் உங்கள் தலையெழுத்து.

இது எங்கள் வீட்டுக்குப் புரிய மூன்று தடவை வெட்ட வேண்டியிருந்தது.

கடலாடிக்குக் கிழக்கே, தார் ரோட்டை ஒட்டி எங்களுக்கு நாலு ஏக்கர்; பின்பக்கம் கண்மாய். நான் கல்யாணமாகி வந்தபோது அதில் நெல் விளைந்தது. மழை ஏமாற்றிய இரண்டு வருடம் மாமனார் தரிசாகப் போட்டார். எங்கள் பக்கம் தரிசாகப் போட்டால் சீமைக்கருவை வரும். ஆடு கருவைக்காயைத் தின்று புழுக்கை போடும். புழுக்கை விழுந்த இடமெல்லாம் செடி முளைக்கும். நாலு வருடத்தில் உள்ளே ஆள் நுழைய முடியாத காடாகிவிட்டது.

மாமனார் விறகு வியாபாரிக்கு விற்றார். ரோட்டோரத்தை மொட்டையாக்கினார்கள். உள்ளே பெருத்த மரமாகப் பார்த்துப் பொறுக்கினார்கள். குனிந்து வெட்டினால் முதுகு வலிக்கும் என்று முழங்கால் உயரத்துக்குத் தூரை விட்டுவிட்டார்கள். தூர் என்பது அடிமரம். மண்ணுக்கு மேலே கொஞ்சம், கீழே நிறைய. கருவையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. நிலம் சுத்தமாகிவிட்டது என்று அன்று வீட்டில் கோழி அடித்தார்கள். நானும் இரண்டு துண்டு கூடுதலாகத் தின்றேன். அடுத்த மழைக்கு ஒரு தூரில் ஐந்து கிளை வெடித்தது. அதையும் விற்றார்கள். அப்புறம் ஐந்து பத்தானது. அதையும் விற்றார்கள். மூன்று தடவையும் கோழி. மூன்று தடவையும் உழவு இல்லை. விறகு வியாபாரிக்கு நாங்கள் சும்மா தோட்டம் வளர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான்.

மாமனார் போன பிறகு நிலம் என் வீட்டுக்காரர், அவர் தம்பி, நான் என்று மூன்று பேர் கூட்டுப்பட்டாவில் கிடந்தது. என் வீட்டுக்காரர் இராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் வாட்ச்மேன். வாரம் ஒரு நாள் வருவார். வந்தால் தூங்குவார். அவருடைய தம்பி, என் கொழுந்தன், இராமநாதபுரத்தில் இருக்கிறார். கையில் எப்போதும் ஒரு பை, பைக்குள் எப்போதும் ஏதாவது ஒரு பத்திரம். போன வருடம் சித்திரையில் அந்தப் பையோடு வந்தார். சோலார் பலகை போடுகிற கம்பெனிக்காரர்கள் முப்பது வருடக் குத்தகைக்கு நிலம் கேட்கிறார்களாம்.

"மதினி, முள்ளுக்காடு. பாம்புக்கும் பன்னிக்கும்தான் ஆகும். நீங்க ஒரு கையெழுத்து, அண்ணன் ஒரு கையெழுத்து. முடிஞ்சிச்சு."

"முப்பது வருசம் கழிச்சு நானும் இருக்க மாட்டேன், உங்க அண்ணனும் இருக்க மாட்டாக. முடிஞ்சிச்சுன்னா எல்லாமே முடிஞ்சிச்சு."

"அப்ப நீங்க என்ன, உழுது நெல்லு வெதைக்கப் போறீகளா?"

நக்கலாகத்தான் கேட்டார். எனக்கு ஏறிவிட்டது. "ஆமா, வெதைக்கப் போறேன். ஐப்பசி ஒண்ணாந்தேதி வாங்க. பயிரு முளைச்சு நிக்கலேன்னா நீங்க காட்டுற எடத்துல கையெழுத்துப் போடுறேன்."

கட்டிலில் படுத்திருந்த என் வீட்டுக்காரர் ஒரு கண்ணைத் திறந்தார். தம்பி போனதும் கேட்டார்: "கோவத்துல வாய விட்டியா, இல்ல யோசிச்சுத்தான் சொன்னியா?"

"வாய விட்டுட்டேன். இனிமேத்தான் யோசிக்கணும்."

ஆறு மாதம்கூட முழுதாக இல்லை. புரட்டாசியில் மழைக்கு முன்னால் புழுதியிலேயே நெல் விதைத்தாக வேண்டும். எங்கள் பக்கத்து விவசாயமே அதுதான். காய்ந்த மண்ணில் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பது. அதற்குள் நாலு ஏக்கர் காடும் தூரோடு போக வேண்டும்.

வைகாசியில் ஒரு விறகு வியாபாரியை வரச் சொன்னேன். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு செல்போன். ரோட்டில் நின்றபடியே நிலத்தைப் பார்த்தார். உள்ளே ஒரு எட்டு வைக்கவில்லை. ரோட்டோரத்தில் இருபது மரத்துக்கு மேல் ஆள் இடுப்புத் தடிமனில் நின்றன. அவருடைய கண் அதிலேயேதான் மேய்ந்தது. பேசி முடித்ததும் அச்சாரத்தை எடுத்து நீட்டினார்.

எங்கள் ஊர் வழக்கத்தில் அச்சாரம் வாங்கிவிட்டால் மரம் அவருடையது. எப்போது வெட்டுவது, எங்கே வெட்டுவது, எதை விடுவது என்று நிலத்துக்காரன் வாய் திறக்கக் கூடாது. மாமனார் மூன்று தடவையும் முதலில் செய்த வேலை அதை வாங்கி மடியில் சொருகியதுதான்.

"அச்சாரம் வேணாம்" என்றேன்.

வியாபாரி என்னை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "என்னத்தா இது? கைநீட்டி வாங்காம எப்படி வேலைய ஆரம்பிக்கிறது? சகுனமே சரியில்லையே."

"ஏத்துற ஏத்துக்கு எடை போட்டுக் காசு குடுங்க, போதும். எனக்கு ரெண்டு விசயம் வேணும். வெட்டுறத கண்மாய்ப் பக்கத்துல இருந்து ஆரம்பிக்கணும். ரோட்டோர மரம் கடைசி. ரெண்டாவது, தூரு ஒண்ணுகூட இருக்கக் கூடாது."

"பின்னால இருந்தா? லாரி என்ன பறந்தா போகும்?"

"தெக்கு வரப்ப ஒட்டி ஒரு லாரி அகலத்துக்குப் பாதை வெட்டிக்கங்க. அந்த வெறகும் உங்களுக்குத்தான்."

பல்லைக் குத்திக்கொண்டே கணக்குப் போட்டார். கைக்காசு போடாமல் மரம் கிடைக்கிறது. விட மனசு வரவில்லை. "சரித்தா. தூருக்கு மிசின் கொண்டாந்து பிடுங்கிருவோம்" என்றார். அந்த மிசின் என்ற வார்த்தையை அடுத்த மூன்று மாதம் நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஆனியில் வெட்டு தொடங்கியது. புருசன், பெண்டாட்டி, அவர்களுடைய சொந்தக்காரர்கள் நாலு பேர். டன்னுக்கு இவ்வளவு என்று கூலி. புருசன் ரம்ப மிசினைப் பிடிப்பான். பெண்டாட்டி அரிவாளால் முள்ளைக் கழித்துப் போடுவாள். காலில் லாரி டயரில் தைத்த செருப்பு, கையில் கிழிந்த சாக்கு சுற்றியிருப்பாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். வாய் என்னைவிடப் பத்து மடங்கு பெரிது.

"மிசின் ஒரு நாளைக்கு எத்தன தடவ நிக்கிது தெரியுமாக்கா? அத்தன தடவையும் இவுக பீடி குடிக்கிறாக. மிசினுக்குப் பெட்ரோல், இவுகளுக்குப் பீடி. வெட்டுறது மட்டும் நானு."

"இவ வாயி ஓடுற வேகத்துக்கு அதுல பிளேடு மாட்டுனாப் போதும், மிசினே வேணாம்" என்பான் அவன்.

வெட்டு நடக்கும்போது வேறு என்னென்ன எதிர்பார்க்கலாம் என்று கேட்டால், ஊரையே எதிர்பார்க்கலாம். முதல் நாளே சுள்ளி பொறுக்க முப்பது பெண்கள் வந்தார்கள். அதில் பத்துப் பேர் என்னோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். ஆட்டுக்காரர் ஒருவர் வந்து, காய் தின்ன என் ஆடு இனி எங்கே போகும் என்று என்னிடம் நியாயம் கேட்டார். உங்கள் ஆட்டின் புழுக்கைதானய்யா இத்தனைக்கும் காரணம் என்றேன். வடக்கு வரப்புக்காரர் வந்து, லாரி தன் வரப்பை உடைக்கும் என்று லாரி வருவதற்கு முந்தின நாளே சண்டை போட்டார். லாரிப் பாதை தெற்கில், உங்கள் நிலம் வடக்கில் என்று காட்டினேன். போகும்போது ஒரு கட்டு விறகைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பத்தாவது நாளோ என்னவோ, கண்மாய்ப் பக்கம் பாதி வெட்டவெளியானபோது எங்கள் மடை தெரிந்தது. கண்மாயிலிருந்து எங்கள் வயலுக்குத் தண்ணீர் விடுகிற மடை. இருபது வருடமாக முள்ளுக்குள் புதைந்து கிடந்தது. கல் அசையவில்லை. தூர்ந்து போன வாய்க்காலைக் காலால் கிண்டினேன்; உள்ளே பழைய கருத்த மண். அன்று நான் வீட்டுக்கு நடந்து போனதை யாராவது பார்த்திருந்தால், லாட்டரி விழுந்தவள் என்று நினைத்திருப்பார்கள்.

ஆடி முடிந்தது. முக்கால் காடு வெளியானது. ஆனால் எங்கே பார்த்தாலும் தூர், பல்லெல்லாம் பாதியில் உடைந்த கிழவன் வாய் மாதிரி. எல்லாம் முழங்கால் உயரம். வியாபாரிக்குப் போன் போடுவேன்.

"மிசின் வருதுத்தா. பரமக்குடி தாண்டிருச்சு."

நாலு நாள் கழித்துக் கேட்டால் மிசின் மறுபடியும் பரமக்குடி தாண்டும். அந்த மிசின் தாண்டிய தாண்டுக்கு இந்நேரம் பாம்பன் பாலம் ஏறித் தனுஷ்கோடிக் கடலில் இறங்கியிருக்க வேண்டும்.

ஆவணி பிறந்து பத்து நாள் இருக்கும். விதைநெல் வாங்கச் சிட்டா நகல் வேண்டுமென்று கடலாடி தாலுகா ஆபீசுக்குப் போனேன். போய் நின்று, நாளைக்கு வா என்பதைக் கேட்டு, மாட்டேன் என்று உட்கார்ந்து, வாங்கிக்கொண்டு மூன்று மணி பஸ்சில் திரும்பினேன். பஸ் எங்கள் நிலத்தைத் தாண்டும்போது ஜன்னல் வழியே பார்க்கிறேன்: ரோட்டோரத்தில் ஆறு பெரிய மரம் தரையில் கிடக்கிறது. ஏற்றுவதற்கு லாரி மரத்தை நோக்கி ரிவர்ஸில் வந்துகொண்டிருக்கிறது. வெட்டியது எங்கள் ஆட்கள் இல்லை. வியாபாரி வேறு ஆள் கூட்டி வந்திருக்கிறார். நான் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து.

பஸ்சைக் கத்தி நிறுத்தினேன். கண்டக்டர் திட்டினான். இறங்கி ஓடிப்போய் முதல் மரத்தின் மேல் உட்கார்ந்தேன். சிட்டா நகல் கையில்.

"எந்திரித்தா. ஏத்தணும்" என்றார் வியாபாரி.

"தூரு?"

"மிசின் பரமக்குடி..."

"பரமக்குடிய இன்னொரு தடவ சொன்னீகன்னா செருப்புப் பிஞ்சிரும். தூரு வெளிய வார வரைக்கும் இந்த ஆறு மரமும் இங்கனதான் கிடக்கும். நிக்கிற மரத்துல ஒரு கொப்பும் தொடக்கூடாது. உங்ககிட்ட நான் அச்சாரம் வாங்கலைய்யா. மரம் இன்னும் என்னுது."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முகம் மாறியதைப் பார்த்தேன். "வெட்டுன மரத்த வெயில்ல போட்டா காஞ்சு போகும்த்தா. எடை போயிரும்" என்றார்.

"காயட்டும்."

"பச்சையா எடை போட்டாத்தான் ரெண்டு பேருக்கும் லாபம்."

"எனக்கு லாபம் நெல்லுல வரும். காயட்டும்."

லாரி வெறும் வண்டியாகத் திரும்பிப் போனது. சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள், பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் உட்பட, என்னைச் சுற்றி நின்று சிரித்தார்கள். நான் ராணி மாதிரி வீட்டுக்குப் போனேன்.

அடுத்த நாள் காலையில் அந்த ராணித்தனம் இறங்கிவிட்டது. வெட்டுக்காரி வந்து முன்னால் நின்றாள். அன்றைக்கு அவள் வாயில் கிண்டல் இல்லை.

"அக்கா, நீங்க மரத்தப் பிடிச்சு வச்சிட்டீக. அந்தாளு எங்களுக்கு வேலையில்லைன்னுட்டாரு. உங்க ரெண்டு பேரு சண்டையில எங்க அடுப்பு அணைஞ்சு போச்சு."

கோபம் வந்தால் முன்னால் நிற்பவனை மட்டும்தான் பார்ப்பேன்; பக்கத்தில் நிற்பவர் மேல் இடிப்பது தெரியாது. இது என்னிடம் உள்ள பழைய கோளாறு.

"அப்ப நான் என்ன செய்ய, நீயே சொல்லு" என்றேன்.

அவள் திரும்பி நிலத்தைப் பார்த்தாள். "தூர எங்களுக்கு விட்டுருங்க" என்றாள். "தூருல போடுற கரிதான்க்கா கெட்டிக்கரி. கொப்புக் கரி ஊதுனா சாம்பலாயிரும். தூர்க்கரி நின்னு எரியும். வெலையும் கூட. வியாபாரிக்குத் தோண்ட சோம்பேறித்தனம், அதான் மிசின் மிசின்னு கதை விடுறாரு. எங்க ஊருல இருந்து பன்னெண்டு பேரக் கூட்டியாரேன். உங்க நெலத்து மூலையிலயே கரிமூட்டம் போட்டுக்கிறோம். கூலி வேணாம். கரி எங்களுக்கு, நெலம் உங்களுக்கு."

மூன்று தடவை வெட்டியிருக்கிறார்கள் எங்கள் வீட்டில். மரத்துக்கு விலை பேசினார்கள். எடைக்கு விலை பேசினார்கள். எங்களைக் கெடுத்த தூருக்கே ஒரு விலை இருக்கிறது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு. வியாபாரியிடம் பேசினோம், வெட்டுகிறவளிடம் பேசவே இல்லை.

அவள் முன்னாலேயே வியாபாரிக்குப் போன் போட்டேன். "நாளைக்குக் காலையில மிசின் வந்தா தூரு உங்களுக்கு. வரலேன்னா தோண்டுறவுகளுக்கு."

அந்தப் பக்கம் சிரித்தார். "கடப்பாரைய வச்சு நாலு ஏக்கரையா? தோண்டட்டும், தோண்டட்டும். தூர எடுத்துக்கிட்டு என் மரத்த விடுங்க."

"கடைசித் தூரு வந்த அன்னைக்கு உங்க மரமும் வரும்."

மறுநாள் மிசின் வரவில்லை. பன்னிரண்டு பேர் என்றவள் பதினெட்டுப் பேரைக் கூட்டி வந்தாள். கடப்பாரை, மண்வெட்டி, கோடாரி. ஒரு தூரைச் சுற்றி இடுப்பளவு குழி தோண்டுவார்கள். பக்கவேரை வெட்டிவிட்டு, வடக்கயிறு போட்டு ஆறு பேர் இழுப்பார்கள். அது வெளியே வருகிற சத்தம் இருக்கிறதே, பல் பிடுங்குகிற மாதிரி. வந்து விழுந்ததும் எல்லோரும் கூவுவார்கள். நான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கூவினேன். வாரக் கடைசியில் வந்த என் வீட்டுக்காரர்கூடத் தூங்கப் போகாமல் கயிற்றைப் பிடித்தார். இரண்டு தூர் இழுத்தார். அப்புறம் ஒரு வாரத்துக்குத் தோள் வலி பற்றிப் போனில் பேசினார்.

தோண்டியதும் கரி போட்டதுமாக இருபத்து மூன்று நாள். தூர்களை நிலத்தின் மூலையில் குவித்து, மேலே வைக்கோல் போட்டு, ஈர மண் பூசி மூட்டம் வைத்தார்கள். வீட்டளவு உயரத்தில் புகைந்தது. எங்கே மண் வெடித்தாலும் ஓடிப்போய்ப் பூசினார்கள். காற்று உள்ளே போனால் கரி சாம்பலாகிவிடும். ஊர் முழுக்க இருமியது. என் சேலையில் இப்போதும் அந்த வாடை இருக்கிறது. மூட்டத்தைப் பிரித்தபோது கரி கண்ணாடி மாதிரி மின்னியது. தட்டினால் மணி மாதிரிக் கேட்டது. அதை விலைக்குக் கேட்டு வந்தவர் யார் தெரியுமா? அதே வெள்ளை வேட்டி. கடப்பாரையா என்று சிரித்தவர்.

வெட்டுக்காரி இடுப்பில் கை வைத்து நின்றாள். "வாங்க முதலாளி. மிசின் இப்ப எங்க வருது?"

அவருக்கு முந்தி இரண்டு பேர் வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கூடுதல் விலைக்குத்தான் எடுத்தார். தூர் எல்லாம் போய்விட்டதை நிலம் முழுக்க நடந்து பார்த்துக்கொண்டேன். அப்புறம் மரத்தை விட்டேன். அந்த ஆறு மரமும் வெயிலில் கிடந்து சுக்காகியிருந்தன. எடைமேடையில் லாரி ஏறியபோது அவர் எடையைப் பார்த்து உச்சுக்கொட்டியதை நான் பக்கத்தில் நின்று நன்றாகக் கேட்டேன். நின்றுகொண்டிருந்த மற்ற மரங்களை அவரே அந்தப் புருசன் பெண்டாட்டியை வைத்து ஒழுங்காக வெட்டினார். தரையோடு. தூரையும் அவர்களே எடுத்தார்கள்.

மரம் போனால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். குழி மூட வேண்டும். முள் வார வேண்டும். உழ வந்த டிராக்டர்க்காரர் முதல் சாலிலேயே டயர் பஞ்சராகி, இறங்கி நின்று என் பரம்பரையைத் திட்டினார். நான்கு நாள் கூட்டிப் பெருக்கி முள்ளை எரித்தோம். அப்புறம் உழுதார். புரட்டாசி பதினைந்தில் புழுதியில் விதை விழுந்தது. ஊரே சிரித்தது: முள்ளுக்காட்டில் நெல்லாம். மேகம் ஐந்து நாள் கடல் பக்கம் நின்று வேடிக்கை பார்த்தது. ஆறாம் நாள் மத்தியானம் இடித்துக்கொண்டு இறங்கியது. நான் குடை எடுக்காமல் நிலத்துக்குப் போய் நனைந்தேன்.

ஐப்பசி ஒன்றாம் தேதி கொழுந்தன் வந்தார். பையும் வந்தது. வீட்டுக்குக் கூப்பிடவில்லை; நேரே நிலத்துக்கு வரச் சொன்னேன். பைக்கை ரோட்டில் நிறுத்திவிட்டு எந்த இடம் என்று தேடினார். அவர் தேடியது காட்டை. முன்னால் இருந்தது விரற்கடை உயரத்துக்குப் பச்சை. ரோட்டில் நின்றால் கண்மாய் மடை தெரிந்தது. நடுவில் மறைக்க ஒன்றுமில்லை.

"இதா நம்ம எடம்?" என்றார்.

"அந்தா மடை. இந்தா எல்லைக்கல்லு. வேறெங்கன போகும்?"

பையின் ஜிப்பைத் திறக்கப் போன கை அப்படியே நின்றது. குரலை மாற்றிக்கொண்டு, "நெல்லு வந்தா ஒரு மூட்டை நம்ம வீட்டுக்கு..." என்று இழுத்தார்.

பயிருக்கு நடுவே ஆங்காங்கே இரண்டு இலையோடு கருவைக் கன்று முளைத்திருந்தது. மண்ணில் கிடக்கிற விதை முளைக்கத்தான் செய்யும், ஒவ்வொரு மழைக்கும். சின்னதாக இருக்கும்போதே கையால் பிடுங்கிவிட வேண்டும், வேரோடு.

"மூட்டைதான? தாரேன்" என்றேன். "பைய வரப்புல வச்சிட்டு இறங்குங்க. அந்தா, காலுக்குக் கீழ ரெண்டு கருவை. பிடுங்குங்க. அத்துராம, அடியோட."

சட்டைக் கையை மடித்துவிட்டு இறங்கினார். மாலை வரை பிடுங்கினார். பை வரப்பிலேயே கிடந்தது.